ஜெய்காவ்–புன்ட்ஷோலிங்: எல்லை ஊரில் ஒரு நாள் தங்கலாமா?

திருச்சியிலிருந்து 63 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு, விமானம் ஏறாமல் ரயிலிலும் சாலையிலுமாகவே பூடான் போகிறீர்கள். எல்லையில் இருக்கும் ஜெய்காவ் அழுக்கான ஊர், இறங்கியதும் கடந்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். அங்கே ஒரு நாளைச் செலவிடுவதில் பொருள் உண்டா, என்னென்ன ஆவணங்கள் வேண்டும், சைவம் மட்டுமே உண்டு வெற்றிலை போடும் அம்மா சமாளிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்குங்கள். இரண்டு இரவுகளும் அவற்றின் நடுவே ஒரு முழுப் பகலும் அந்த ஊருக்குக் கொடுங்கள். திம்புவுக்கான நாளில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அழுக்கு என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஜெய்காவின் பெரிய சாலையில் ஹாரன் ஓய்வதே இல்லை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி, நடுவே லாரிகளும் தள்ளுவண்டிகளும். முதல் முறை நானும் இரவில் வந்து படுத்து, விடிந்ததும் எல்லையைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை போனது ஓர் ஆகஸ்ட் மாதம். சோர்ச்சென் என்னும் இடத்தில் மலை சரிந்து திம்பு சாலை அடைபட்டுவிட்டது. பகலில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூடான் ஊரான புன்ட்ஷோலிங்கில் சுற்றுவதும் இரவில் ஜெய்காவில் படுப்பதுமாக இரண்டு நாட்கள் கழிந்தன. பூடான் எப்படி வாழ்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்பதை மலைமேல் இருக்கும் கோட்டைகளைவிட அந்த இரண்டு நாட்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

வரைபடத்தில் அவை இரண்டு ஊர்கள். நடந்து பார்த்தால் ஒரே ஊரின் நடுவே சுவர் எழுப்பியதுபோல் இருக்கும். சுவருக்குத் தெற்கே மேற்கு வங்கத்தின் அலிப்பூர்துவார் மாவட்டம், வடக்கே பூடானின் சுக்கா மாவட்டம். தெற்கிலிருந்து வரும் ஹாரன் சத்தம் வடக்கே நன்றாகக் கேட்கிறது; ஆனால் வடக்கே உள்ளவர்கள் ஹாரனைத் தொடுவதே அரிது. வெள்ளைக்கோட்டில் நீங்கள் கால் வைத்ததும் வண்டி நின்றுவிடும். முதல் இரண்டு முறை நம் ஊர்ப் பழக்கத்தில் அம்மா தயங்கி நிற்பார். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள், பயமில்லை.

அந்த அடிவாரச் சமவெளிக்கு டுவார்ஸ் என்று பெயர். துவாரபாலகர் என்கிறோமே, அந்தத் துவாரம்தான்: வாயில். பூடான் மலைகளிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாயில்கள் 18. அவற்றில் 11 வங்கப் பக்கம், 7 அஸ்ஸாம் பக்கம். 1864-65 போரில் தோற்ற பூடான், 1865 நவம்பரில் சிஞ்சுலா உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வங்க டுவார்ஸை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. இன்று ஜெய்காவ் நிற்கும் மண்ணும் அப்படிக் கைமாறியதுதான். பிறகு தேயிலை வந்தது. தோட்ட வேலைக்காக சோட்டா நாக்பூரிலிருந்து ஒராவோன், முண்டா, சந்தால் மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். நேபாளிகள் வந்தார்கள். கடை வைக்க மார்வாடிகளும் பிகாரிகளும் வந்தார்கள். ஜெய்காவ் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றால் நேபாளி, இந்தி, வங்காளம், தோட்டத் தொழிலாளர் பேசும் சாத்ரி, பூடானின் ஜோங்கா எல்லாம் காதில் விழும்.

புன்ட்ஷோலிங்கை வளர்த்தது சாலை. 1958இல் நேரு பூடான் போனபோது அங்கே மோட்டார் சாலை கிடையாது. சிக்கிமில் நாது லா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கில் இறங்கி, குதிரையிலும் யாக் எருதின் மீதுமாகப் பாரோ போய்ச் சேர்ந்தார். 1961இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பு ‘தந்தக்’ திட்டத்தைத் தொடங்கி இங்கிருந்து திம்பு வரை மலையைக் குடைந்தது. அதன் பிறகு அந்நாட்டுக்குள் போகும் சிமெண்ட், பெட்ரோல், அரிசி பெரும்பாலும் இந்த ஒரே வாயில் வழியாகத்தான் போனது. 1964 ஏப்ரலில் பூடானின் பிரதமர் ஜிக்மே பால்டன் டோர்ஜி சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான். 1968இல் பூடான் வங்கி தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் அமைந்ததும் திம்புவில் அல்ல, இங்கேதான். ஒரு கடைத்தெரு ஊருக்கு இவ்வளவு கனம் ஏன் என்று கேட்டால், சாலை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பணமும் தொடங்குகிறது.

இனிப் போகும் வழி. சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு நேரடி ரயில் உண்டு. இரண்டு இரவுகள் ரயிலில் கழியும். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸும் நியூ ஜல்பைகுரியில் நிற்கும். ஆனால் அதிலேயே இன்னும் கொஞ்சம் முன்னேறிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அது கூச்பிகார் பக்கமாகப் போய்விடும். உங்களுக்கு வேண்டிய ஹாசிமாரா நிலையம் டுவார்ஸ் காட்டுப் பாதையில் இருக்கிறது. ஆகவே நியூ ஜல்பைகுரியில் இறங்கி ஓர் இரவு ஓய்வெடுத்துவிட்டு, காலையில் டுவார்ஸ் வழி ரயிலைப் பிடியுங்கள். சியால்டாவிலிருந்து வரும் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் அந்தப் பாதையில்தான் போகிறது. சிலிகுரியிலிருந்து பஸ்ஸும் உண்டு, நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆனாலும் ரயிலே மேல். சேவோக் அருகே தீஸ்தா ஆற்றைக் கடக்கும்போது 1941இல் கட்டி முடித்த கொரோனேஷன் பாலத்தின் வளைவு தெரியும். பிறகு காடு, தேயிலை, மறுபடியும் காடு.

ரயில் பல இடங்களில் மெதுவாகப் போகும், எரிச்சல் வேண்டாம். மீட்டர் பாதையாக இருந்ததை அகலப் பாதையாக மாற்றிய பிறகு, அந்தத் தடத்தில் யானைகள் அடிபட்டுச் சாவது அதிகமானது. 2013 நவம்பரில் சாப்ராமாரி காட்டருகே, ஜல்டாகா ஆற்றுப் பாலத்தில் ஒரே ரயில் மோதிப் பல யானைகள் மாண்டன. வேகக் கட்டுப்பாடு அதற்காகத்தான். ஹாசிமாராவில் இறங்கினால் ஜெய்காவ் 20 கிலோமீட்டருக்குள். ஷேர் வண்டிகள் நிற்கும். ஹாசிமாராவில் பெரிய விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி. இந்தியக் குடிமக்களுக்கு விசா கிடையாது, பெர்மிட் உண்டு. அதற்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜெய்காவ் வரை வந்து, ஆதாரை நீட்டி, திரும்பிப் போன ஒரு வயதான தம்பதியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பயணச் சீட்டு வாங்கித் தந்த முகவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் என்றால் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் காலம் மீதி இருக்கட்டும். அம்மாவின் வாக்காளர் அட்டையில் பெயரின் எழுத்துகள் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று வீட்டிலேயே சரிபாருங்கள். நம் ஊர் அட்டைகளில் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும்; அதை அங்கே உள்ள அலுவலருக்கு விளக்கிப் புரியவைப்பது எளிதன்று. இணையத்தில் முன்பே விண்ணப்பித்துவிட்டுப் போனால் காத்திருப்பு குறையும்.

பூடானுக்குள் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியர் ஒருவருக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம். ஐந்து இரவுகள், இருவர் என்றால் 12,000 ரூபாய். அறை வாடகை, வண்டி எல்லாம் இதற்கு மேல். 2020 வரை நமக்கு இந்தக் கட்டணம் இல்லை. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு வண்டிக்கும் தனியாக நாள் கட்டணம் உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை. எல்லையைத் தாண்டி, பூடான் டாக்சியில் ஏறுங்கள். மலைச்சாலை அந்த ஓட்டுநர்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி.

நான் ஒரு நாள் தங்கச் சொல்வதற்கு உதவும் விதி இது: எல்லை ஊரான புன்ட்ஷோலிங்குக்குள் மட்டும் பகலில் போய்வர அந்த 1,200 ரூபாய் கிடையாது. நடந்து போகிறவர்களுக்கென்று தனி நுழைவாயில் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். டிராகன் செதுக்கிய அந்த அழகான பூடான் வாசல் வண்டிகளுக்கு. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் இரவு ஜெய்காவில் படுத்து, மறுநாள் முழுவதும் அந்தப் பக்கம் நடந்து, மாலையில் திரும்பி, அதற்கும் மறுநாள் பெர்மிட்டோடு மலையேறுங்கள்.

அந்தப் பகலைக் காலையிலேயே தொடங்குங்கள். கையில் சோற்றுத் தூக்கோடு கொத்தனார், தச்சர், கடைப் பணியாள் என்று ஜெய்காவிலிருந்து ஆட்கள் வரிசையாக வடக்கே போவார்கள். மாலையில் அதே வரிசை தெற்கே திரும்பும். புன்ட்ஷோலிங்கின் கட்டடங்களை எழுப்பியதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்த்திசையில் பூடான் மக்கள் வருவார்கள்: துணி, காய்கறி, பிளாஸ்டிக் சாமான் வாங்க. ஜெய்காவ் கடைக்காரர்கள் பூடான் பணமான நூல்ட்ரமை ரூபாய் போலவே வாங்கிப் போடுவார்கள். 1974இல் அச்சிடத் தொடங்கிய அந்தப் பணம் ரூபாய்க்குச் சரிசமம். ஆனால் மிச்சமான நூல்ட்ரமை ஜெய்காவிலேயே செலவழித்துவிடுங்கள். சிலிகுரியில் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போவது நல்லது.

கடிகாரத்தையும் பாருங்கள். பூடான் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டரை. சுவரோரம் நடக்கும்போது இரு நாட்டுக் கோபுரங்களின் சிக்னலையும் மாறி மாறிப் பிடித்து என் கைபேசி நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. டாக்சிக்காரரிடம் நேரம் பேசும்போது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரின் நடுவில் சங்டோ பெல்ரி என்ற சிறிய கோயில். பூடான் மக்கள் வணங்கும் பௌத்த குரு பத்மசம்பவர் வாழும் விண்ணுலகைக் காட்டும் வடிவில் கட்டியது. சுற்றிலும் மரங்கள், கையால் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரங்கள். வயதானவர்கள் காலை முழுவதும் அங்கே வலம் வருவார்கள். அம்மாவுக்கு உட்காரப் பிடிக்கும் இடம் அதுதான். வலப்புறமாகச் சுற்ற வேண்டும் என்பதை நீங்கள் சொல்லித்தரத் தேவையிராது. அமோ சூ ஆற்றோரம் முதலைப் பண்ணை ஒன்று இருக்கிறது; குழந்தைகள் உடன் வந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் ஆற்றைப் பாருங்கள். சும்பி பள்ளத்தாக்கில் பிறந்து பூடானைக் கடந்து, இங்கே சமவெளியில் விழுந்ததும் தோர்ஷா என்று பெயர் மாற்றிக்கொண்டு பிரம்மபுத்திராவைத் தேடிப் போகிறது. 2017இல் இந்தியப் படையும் சீனப் படையும் 73 நாட்கள் எதிரெதிரே நின்ற டோக்லாம் இந்த ஆற்றின் மேற்பகுதிக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தச் சிறிய நாடு எல்லையைப் பற்றி இவ்வளவு கவனமாக இருப்பதன் காரணம், அந்தக் கரையில் நின்றால் விளங்கும்.

அந்தக் கவனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தெற்குப் பூடானில் தலைமுறைகளாக வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1990களில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, இந்தியா வழியாகக் கிழக்கு நேபாள முகாம்களில் போய் விழுந்தார்கள். மகிழ்ச்சியின் நாடு என்ற விளம்பரத்தைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுவரைப் பற்றி நான் கேட்ட கதைகளில் மனத்தில் நின்றது பெருந்தொற்றுக் காலத்துக் கதை. புன்ட்ஷோலிங்கில் வாடகை அதிகம். ஆகவே பூடான் குடும்பங்கள் பல ஜெய்காவில் வீடெடுத்து, காலையில் தங்கள் நாட்டுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போய், இரவு இந்தியாவில் படுத்துவந்தன. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது அவர்களைப் பூடான் அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. வந்தவர்களுக்குப் போதிய வீடுகள் ஊரில் இல்லை. தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. அந்தக் கதவு சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2022 செப்டம்பர் 23 அன்று. இரண்டரை ஆண்டுகள். வாடிக்கையாளர் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க, ஜெய்காவ் வணிகர்கள் பட்ட பாட்டை எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். கடையைப் பூட்டிவிட்டுப் பிகாருக்கே திரும்பிப் போய், பிறகு வந்து மறுபடி தொடங்கியவர் ஒருவரிடம் கம்பளிச் சால்வை வாங்கினேன். சுவருக்கு அப்பால் தெரியும் மஞ்சள் மாடியைக் காட்டி, “அந்த வீட்டுக்காரர் என் நண்பர், இரண்டு வருடம் மாடியிலிருந்து கையசைத்துக்கொண்டோம்” என்றார்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். அந்த மழை நம் ஐப்பசி மழையைப்போல் அல்ல, மலையையே கரைக்கும். அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்லவை. கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் ஜல்தாபாரா தேசியப் பூங்காவில் ஒற்றைக்கொம்பன் காண்டாமிருகம் பார்க்கலாம், பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது உடன் வந்தால், அவர்களுக்கு இந்த நடந்து போகும் வசதி பொருந்தாது. பூடான் விசாவை முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஜெய்காவில் இந்தியக் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை பெற வேண்டும். அதே இந்திய விசாவில் தரைவழியாகத் திரும்பி நுழைய முடியுமா என்பதைப் புறப்படும் முன்பே உறுதி செய்துகொள்ளட்டும்.

அம்மாவின் சாப்பாடு. ஜெய்காவில் மார்வாடி, பிகாரி சைவக் கடைகள் இருக்கின்றன. ரொட்டி, பருப்பு, சோறு கிடைக்கும். அந்தப் பக்கம் சைவம் எளிதாகவே கிடைக்கும், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பூடானில் மிளகாய் காரத்துக்காகப் போடும் பொருள் அன்று, மிளகாய்தான் காய். நாம் வெண்டைக்காயைக் கறியாகச் செய்வதுபோல் அவர்கள் பச்சை மிளகாயைப் பாலாடைக் கட்டியில் வேகவைக்கிறார்கள். பெயர் ஏமா தட்ஷி. பூச்சிமருந்து அளவுக்கு மீறி இருந்ததாகச் சொல்லி 2016இல் இந்திய மிளகாயை இறக்குமதி செய்ய அந்நாடு தடை போட்டது. காய்கறிக்குள் ஒளித்து மிளகாயைக் கடத்துகிற அளவுக்கு அங்கே அதன் மேல் ஆசை. அம்மாவுக்குக் கேவா தட்ஷி கேளுங்கள். அது உருளைக்கிழங்கில் செய்தது, காரம் தணிவு. சிவப்பரிசிச் சோற்றோடு நன்றாகச் சேரும். குழம்பு எதிலாவது இறைச்சித் துண்டு போட்டு எடுத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த இறைச்சி பல வீட்டுக் குழம்பில் இருக்கும். ஊறுகாய், தயிர்ப் பொடி என்று மூட்டை கட்ட வேண்டாம். ரசப் பொடி ஒரு பொட்டலம் போதும்.

வெற்றிலை விஷயத்தில் அம்மா அங்கே அந்நியராக இருக்க மாட்டார். பூடானில் அதற்குத் தோமா என்று பெயர். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு என்று நம்முடைய அதே மூன்று. மடித்துச் செருகியதைப் பெட்டிக்கடையில் வாங்கலாம், டாக்சிக்காரர் தம் பையிலிருந்தே எடுத்து நீட்டுவார், மறுத்தால் வருந்துவார். ஆனால் பாக்கு நம் கொட்டைப்பாக்கு மாதிரி உலர்ந்தது அன்று. ஈரத்தோடு ஊறவைத்தது, வாடை தூக்கலாக இருக்கும், கடித்த சிறிது நேரத்தில் காது மடல் சூடேறி நெற்றி வியர்க்கும். நாற்பது வருடம் வெற்றிலை போட்டவர் என்று நம்பி அம்மா முழுதாக வாயில் போட்டுக்கொண்டுவிடப் போகிறார். கால் துண்டு பாக்கோடு தொடங்கச் சொல்லுங்கள். புன்ட்ஷோலிங்கின் புழுக்கத்தில் இவர்கள் ஏன் இதை மெல்லுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். மறுநாள் திம்பு போகும் மலைச்சாலையில் கெது ஊரை நெருங்கும்போது முன்னால் போகும் லாரியே தெரியாத மூடுபனியில், குளிர் சால்வைக்குள் புகும் நேரத்தில், ஓட்டுநர் மறுபடியும் ஒன்றை நீட்டுவார். அப்போது வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.